எழுபது மார்க்கும் வெள்ளிக்கிழமை ஆட்டமும்



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி அறிவுப் போட்டிகளுக்கும் கால்பந்துக்கும் ஒரே அமைப்புதான் பொறுப்பு. யு.ஐ.எல். என்பார்கள். 1910-இல் விவாதப் போட்டிக்காகத் தொடங்கியது. கால்பந்து பிறகு சேர்ந்தது. (அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது!) அவர்களுடைய மனக்கணக்குப் போட்டியில் 10 நிமிடத்தில் 80 கணக்கு. விடையைத் தவிர தாளில் எதுவும் எழுதக் கூடாது. கணக்கு வாத்தியாரான எனக்குப் படித்ததுமே கை பரபரத்தது.

ஆனால் ஊரே திரள்வது வெள்ளிக்கிழமை இரவுக் கால்பந்துக்குத்தான். 1984-இல் ஆளுநர் மார்க் ஒயிட் காலத்தில், தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழு சொன்னபடி ஒரு சட்டம் வந்தது. ஒரு பாடத்தில் 70-க்குக் குறைந்தாலும் ஆறு வாரம் ஆட முடியாது. பேண்டு வாசிப்பவன், விவாதத்துக்குப் போகிறவள் எல்லோருக்கும் அதே கதி.

பயிற்சியாளர்கள் கொதித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1985-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. 1986 தேர்தலில் ஒயிட் தோற்றார். அதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம் என்பார்கள்.

நான் எந்தப் பக்கம்? படிக்கத்தான் வேண்டும். ஆனால் சீசனே ஏறக்குறைய பத்து ஆட்டம், வாரத்துக்கு ஒன்று. அதில் ஆறு வாரம் போனால் பையனுக்கு என்ன மிச்சம்? ஆட்டத்துக்காகவே பள்ளிக்கு வருகிறவன் வீட்டிலேயே நின்றுவிட மாட்டானா? 1995-இல் அதை மூன்று வாரமாகக் குறைத்தார்கள். அதற்குள் மார்க் தேறினால் மறுபடி களமிறங்கலாம்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.