அழித்து எழுதிய நாடா

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு விஎச்எஸ் கேசட் முப்பது வருடங்களாகக் கிடந்தது. சித்தி கல்யாணம், 1992. கேசட் உண்டே தவிர அதைப் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் டெக் இருந்ததில்லை. கல்யாணம் முடிந்து ரெண்டு மூணு மாதத்தில் டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடிப் பார்த்திருக்கிறது. எனக்கு அப்போது நாலு வயது, தூங்கிவிட்டேன். அம்மா வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் முழுதாகப் பார்த்த அந்தக் கல்யாணத்தை நாங்கள் ரெண்டு பேரும் பார்க்கவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அதை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அதுல ஆச்சி குலவை போட்டது இருக்கும்லா? நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, எடுத்துக் குடேன்."

ஆச்சி 1999-ல் போய்ச் சேர்ந்தாள். நாலு போட்டோ இருக்கிறது, குரல் எங்கும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணமோ கோயில் கொடையோ, குலவை இல்லாமல் நடக்காது. ஆச்சி போட்டால் வாய்க்கால் வரைக்கும் கேட்கும் என்பார்கள். அம்மாவுக்கு வேண்டியது அந்தச் சத்தம்.

ரெண்டு நாள் வேலை என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

முதல் சிக்கல் டெக். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு வீடியோ ரெக்கார்டர் தயாரிப்பதை நிறுத்தியது. அதுவரை அதைச் செய்துகொண்டிருந்த கடைசிப் பெரிய கம்பெனி அதுதான். நிறுத்துவதற்கு முந்தைய வருடம், 2015-ல்கூட, 7.5 லட்சம் டெக் விற்றிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது கொஞ்சம் அசந்துபோனேன். வாங்க ஆள் குறைந்தது ஒரு பக்கம், உதிரி பாகம் செய்து கொடுக்க ஆள் இல்லாமல் போனது இன்னொரு பக்கம். அதே 2016 மார்ச்சில் சோனி பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையை நிறுத்தியது. பீட்டாமேக்ஸ் ரெக்கார்டர் 2002-லேயே நின்றுவிட்டது. அதற்கப்புறமும் பதினாலு வருடம் யாரோ அந்தக் கேசட்டை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். யார் அவர்கள்? எனக்கு அவர்களைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நான் பிடித்த டெக் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தாராய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இந்த இடத்தில் ஒரு சின்ன எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். இப்போது போனில் எடுக்கும் ரீல்ஸுக்கு 'பழைய கேசட்' எஃபெக்ட் போடுகிறார்கள். படத்தின் அடியில் ஒரு கலங்கல் பட்டை நெளியும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டை நிஜம்தான். ஒரு ஹெட் முடித்து இன்னொரு ஹெட் படிக்கத் தொடங்கும் இடத்தில் விஎச்எஸ்ஸில் அது எப்போதும் இருக்கும். ஆனால் அந்தக் காலத்து டிவிப் பெட்டி படத்தின் ஓரங்களைத் தன் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தது. அதனால் அன்றைக்கு அதை யாரும் பார்த்ததே இல்லை. யாருமே காணாத ஒன்றுக்காக ஏங்குகிறோம்! விடுங்கள்.

டெக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் அது எவ்வளவு அழகான மெஷின் என்று புரிந்தது. ஒலியைவிட வீடியோவுக்குப் பல நூறு மடங்கு அதிக அலைவரிசை வேண்டும். ஆகவே நாடா ஹெட்டை வெகு வேகமாகக் கடக்க வேண்டும். 1950-களில் பிபிசி கட்டிய 'வேரா' என்ற கருவி இதற்கு நேரடியான வழியை எடுத்தது. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நாடாவை ஓட்டியது. ரெண்டு கையாலும் தூக்க வேண்டிய சக்கரம் நிறைய நாடா சுற்றினாலும் 15 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் குழு 1956-ல் வேறு மாதிரி யோசித்தது. நாடா ஏன் ஓட வேண்டும், ஹெட் சுற்றட்டுமே! சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான அந்தக் குழுவில் இளைஞராக இருந்த ரே டால்பியின் பெயரைத்தான் பின்னால் நாம் தியேட்டர்களில் பார்த்தோம்.

அதே யோசனைதான் சுருங்கிச் சுருங்கி வீட்டுக்குள் வந்தது. விஎச்எஸ் டெக்கில் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை சாய்வாக நிற்கும். நம் ஊர் பால் முறையில் அது நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். அரை இஞ்ச் அகல நாடா அதைச் சுற்றி நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் நகரும், எறும்பு நடை. ஆனால் சுழலும் ஹெட்டின் கண்ணில் நாடா நொடிக்கு கிட்டத்தட்ட 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வேராவின் அதே வேகம்! 250 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நாடாவில் மூணு மணி நேரக் கல்யாணம் அடங்கிவிட்டது. படம் நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாக எழுதப்படும். சத்தம் மட்டும் மேல் ஓரத்தில், பழைய பாட்டு கேசட் மாதிரி, நீளவாக்கில் ஒரு மெல்லிய பாதையில் போகும்.

ஓரம் என்பதுதான் என் கவலை. கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். பூஞ்சை முதலில் தின்பது ஓரத்தை. ஆச்சியின் குரல் இருப்பதும் ஓரத்தில்.

பூஞ்சை பிடித்த நாடாவை நல்ல டெக்கில் போடக் கூடாது, ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டும் போகும். இன்னொரு செத்த டெக்கை வாங்கி, அதன் உள்பாகங்களைக் கழற்றி, மெல்லச் சுற்றிச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்தேன். பிறகு 'விஎச்எஸ்-டிகோட்' என்ற திறமூல மென்பொருளைக் கையில் எடுத்தேன். இதைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன், ஆனால் சுருக்கமாக: டெக்கின் சர்க்யூட்டை நம்பாமல், ஹெட்டிலிருந்து வரும் கச்சா சிக்னலை அப்படியே கம்ப்யூட்டருக்குள் இழுத்து, டெக் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் சாஃப்ட்வேரில் செய்வது. என் அமைப்பில் நொடிக்கு 4 கோடி முறை சிக்னலை அளந்தது. மூணு மணி நேரக் கல்யாணம் என் ஹார்ட் டிஸ்க்கை விழுங்கிவிட்டது. ஓரத்துச் சத்தத்தைத் தனியாக, சாதாரண ஆடியோ வயர் வழியாகவே எடுத்தேன்.

நடுராத்திரி ரெண்டு மணிக்கு முதல் ஃபிரேம் வந்தது. வாசலில் வாழைமரம். ட்யூப்லைட் சுற்றிய பந்தல். கேமராக்காரரின் லைட் முகத்தில் அடித்ததும் எல்லோரும் கண்ணைச் சுருக்குகிறார்கள். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை, பூவுக்குள் சித்தி. ஓரம் பிழைத்திருந்தது, சத்தம் துல்லியம்.

சினிமாப் பாட்டு. முதலிலிருந்து கடைசி வரைக்கும் சினிமாப் பாட்டு.

அந்தக் காலத்துக் கல்யாண கேசட் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். டெக்கில் 'ஆடியோ டப்' என்று ஒரு வசதி உண்டு. படத்தைத் தொடாமல், ஓரத்துச் சத்தத்தை மட்டும் அழித்துப் புதிதாக எழுதலாம். எடிட் பண்ணியவர் அதைத்தான் செய்திருந்தார். நான் உடனே விட்டுவிடவில்லை. ஹைஃபை டெக்குகளில் படத்துக்கு அடியிலேயே இன்னொரு ஒலி பதிவாகும், ஆடியோ டப்பால் அதை அழிக்க முடியாது. பால் முறையில் அது 1.4, 1.8 மெகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கச்சா சிக்னலின் ஸ்பெக்ட்ரத்தை வரைந்து அந்த ரெண்டு இடத்திலும் தேடினேன். ஒன்றுமில்லை. மோனோ கேமரா, மோனோ டெக்.

ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். எடுத்தவர் இல்லை, மகன் இருந்தார், ஃப்ளெக்ஸ் அடிக்கிறார். கேமராவில் ஓடிய ஒரிஜினல் கேசட் எங்காவது இருக்குமா என்று கேட்டேன். சிரித்தார். "தம்பி, அப்ப கேசட் விக்கிற வெலைக்கு ஒரே கேசட்ல நாலஞ்சு கல்யாணம் எடுப்பாரு எங்கப்பா. ஒங்க சித்தி கல்யாணத்து மேல வேற யாரோ உக்காந்திருப்பாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிபிசியே செய்த வேலைதான் அது. அறுபதுகளில் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' தொடரின் மாஸ்டர் நாடாக்களை அழித்து, அதன்மேல் வேறு நிகழ்ச்சிகளை எழுதினார்கள். நாடா விலை அதிகம், மறுஒளிபரப்பு உரிமை கிடையாது, வைக்க இடமில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோட்களின் படம் காணாமல் போனது. 2013-ல் நைஜீரியாவின் ஒரு டிவி நிலையத்தில் சில பிலிம் பிரதிகள் கிடைத்தன. விசேஷம் என்னவென்றால், தொலைந்த எல்லா எபிசோட்களின் சத்தமும் பத்திரமாக இருக்கிறது. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்துகொண்ட பையன்கள் அதைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குக் குரல் இருக்கிறது, முகம் இல்லை. எனக்கு நேர் எதிர்.

நாசாவும் இதற்கு விலக்கில்லை. அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய மூலச் சிக்னலைப் பதிந்த நாடாக்கள் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ல் அவர்களே சொன்னார்கள். டிவிக்காக மாற்றிய, தரம் குறைந்த பிரதிகள்தான் மிச்சம்.

பிலிமை ஒருமுறைதான் எழுத முடியும். நாடாவின் பெருமையே அழித்து எழுதலாம் என்பதுதான், 1975-ல் பீட்டாமேக்ஸும் 1976-ல் விஎச்எஸ்ஸும் வந்தபோது வீடுகளுக்கு விற்கப்பட்டதும் அந்த வசதிதான். இன்றைக்குப் பதிந்து, நாளைக்குப் பார்த்து, மறுநாள் அதன்மேலேயே பதி. ஹாலிவுட் கோர்ட்டுக்குப் போய், 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்பளித்ததும் இந்தப் பழக்கத்துக்குத்தான். அதே 1984-ல் தமிழ்நாட்டு அரசு, வீடியோவில் படம் திரையிடுவதை ஒழுங்குபடுத்த ஒரு தனிச் சட்டமே போட்டது. ஹாலிவுட்டின் பயம் வீட்டுக்குள் நடக்கும் பதிவு, இங்கே ஊர் கூடிப் பார்க்கும் வீடியோ. அந்தப் பயம் தெளிந்த பிறகுதான் டெக் கல்யாண மண்டபத்துக்குள் சாவகாசமாக நுழைந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே டெக் போச்சே, கேசட் போச்சே என்று இணையத்தில் உருகும்போது எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது. மெஷின்கள் சாவதால் படிக்க முடியாமல் போகும் நாடாக்கள் ஏராளம்தான். ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகம் 2015-லேயே '2025-க்குள் காப்பாற்றாதது போனதுதான்' என்று கெடு வைத்து எச்சரித்தது. ஆனால் ஆச்சியின் குரல் போனது மெஷின் செத்து அல்ல. டெக் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருந்த 1992-லேயே, எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோதே, அது போய்விட்டது.

அழிக்க மறுத்த ஒருத்தி இருந்தாள். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ், முன்னாள் நூலகர். 1979-ல் டிவி செய்திகளைப் பதியத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. இருபத்துநாலு மணி நேரமும், பல டெக்குகளில், பல சேனல்கள். கேசட் மாற்றும் நேரம் வந்தால் குடும்பம் சாப்பாட்டுப் பந்தியை விட்டு வீட்டுக்கு ஓடும். 2012 டிசம்பரில் சாகும்வரை சுமார் 70,000 கேசட்கள். ஒன்றின்மேலும் திரும்ப எழுதவில்லை. பைத்தியம் என்றவர்கள் உண்டு. டிவி நிலையங்களே வைத்துக்கொள்ளாததை அவர் வைத்திருந்தார். அந்தக் கேசட்கள் பின்னர் இன்டர்நெட் ஆர்கைவுக்குப் போயின. கூட இருந்து வாழ்ந்திருக்கக் கஷ்டம்தான், ஆனாலும் எங்கள் ஊரில் அப்படி ஒருத்தி இருந்திருக்கலாம்.

அடுத்த பொங்கலுக்குப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். பாட்டு விஷயத்தை முன்னாடியே சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தாலி கட்டும் இடம் வந்தபோது ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுதாக நிறுத்தினாள். மணமேடைக்குப் பின்னால், தூணை ஒட்டி, ஆச்சி நிற்கிறாள். வலது கையை வாயருகே கொண்டுபோகிறாள். விஎச்எஸ்ஸின் தெளிவில் முகம் ஒரு கலங்கல்தான், கழுத்து நரம்பு மட்டும் விம்முவது தெரிகிறது.

"பாரு, மூணு தடவ போட்டா" என்றாள் அம்மா.

ரீவைண்ட் பண்ணி எண்ணினேன். மூணுதான்.