மெய்நிகர் கணினிகளில் பிணைய இடைமுகப் பெயர்: வரலாறும் பழுதறிதலும்

லினக்ஸ் கெர்னல், பிணைய அட்டைகளைக் கண்டறியும் வரிசையிலேயே அவற்றுக்கு ஈத்0, ஈத்1 என்று பெயரிடுகிறது. ஓர் அட்டை மட்டுமே உள்ள கணினியில் இதனால் சிக்கல் இல்லை. பல அட்டைகள் இருக்கும்போது, டிரைவர்கள் ஏற்றப்படும் வரிசை மாறினால் பெயர்களும் இடம் மாறிவிடும். உள்பிணையத்துக்கு எழுதிய தீயரண் விதி வெளிப்பிணையத்துக்குப் போய்விடும். இதைத் தீர்க்க வந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் வன்பொருளின் ஏதேனும் ஒரு பண்பு மாறாது என்று கொண்டன. மெய்நிகர் கணினியிலோ வன்பொருளே அமைவுக் கோப்பின் சில வரிகள்தான்.

முதல் ஏற்பாடு மேக் முகவரியைச் சார்ந்தது. 2003இல் அறிமுகமான யூடெவ், பின்னாளில் அட்டையின் மேக் முகவரியையும் பெயரையும் '70-பெர்சிஸ்டென்ட்-நெட்.ரூல்ஸ்' என்ற கோப்பில் இணைத்து எழுதி வைத்தது. மெய்நிகர் கணினியைக் குளோன் செய்தபோது வட்டோடு இக்கோப்பும் நகலானது; அட்டைக்கோ புதிய மேக் முகவரி கிடைத்தது. பழைய முகவரிக்கு ஈத்0 ஒதுக்கப்பட்டிருந்ததால் புதிய அட்டை ஈத்1 ஆனது. 2010இல் வெளிவந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6இல், ஈத்0 அமைவுக் கோப்பிலும் பழைய மேக் முகவரி இருந்ததால் பிணையம் எழவே இல்லை. வார்ப்புருவிலிருந்து விதிக் கோப்பையும் முகவரி வரியையும் நீக்கிவிட்டுக் குளோன் செய்வது அன்றைய தீர்வு. விஎம்வேரின் 00:50:56, கேவிஎம்மின் 52:54:00 போன்ற முன்னொட்டுகளைப் பதியாமல் விடும் ஏற்பாடும் விதிகளில் சேர்ந்தது.

அடுத்த ஏற்பாடு அட்டை இருக்கும் இடத்தைச் சார்ந்தது. டெல் நிறுவனத்தின் பயாஸ்டெவ்நேம் 2011இல் ஃபெடோரா 15இல் இடம்பெற்றது. மெய்நிகர் கணினிகளில் அது செயல்படாமல் ஒதுங்கிக்கொண்டது. 2013 ஜனவரியில் சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு முழுமையான முறையைக் கொண்டுவந்தது. தாய்ப்பலகை அட்டைக்கு இஎன்ஓ1, செருகுவாய் எண்ணால் இஎன்எஸ்1, பிசிஐ பாதையால் இஎன்பி0எஸ்3 என்று பெயர்கள் அமைந்தன. ரெட் ஹாட் 7 (2014), உபுண்டு 15.10 (2015), டெபியன் 9 (2017) ஆகியவை இதை ஏற்றன.

குளோன் சிக்கல் இதனால் தணிந்தது. ஆனால் மெய்நிகர் கணினியின் செருகுவாயும் கற்பனையானதே. வெர்ச்சுவல்பாக்ஸின் முதல் அட்டை பெரும்பாலும் இஎன்பி0எஸ்3. விஎம்வேரில் காணும் இஎன்எஸ்192 என்ற பெயரின் எண், கணினியின் அமைவுக் கோப்பில் எழுதியுள்ள பிசிஐ செருகுவாய் எண். கேவிஎம்மில் பழைய ஐ440எஃப்எக்ஸ் வகையில் இஎன்எஸ்3 ஆக இருப்பது க்யூ35 வகையில் இஎன்பி1எஸ்0 ஆகலாம். ஹைப்பர்-வியின் செயற்கை அட்டை பிசிஐ வழியாக வராததால் ஈத்0 என்றே நிற்கிறது. ஆகவே ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்குக் கணினியை மாற்றினால் பெயரும் மாறும். பெயரிடும் விதிகளே பதிப்புக்குப் பதிப்பு மாறியதால், குறிப்பிட்ட பதிப்பின் விதிகளை நிலைநிறுத்தும் வசதியை சிஸ்டம்டி 240 சேர்த்தது.

பழுதறிதலில் முதலில் 'ஐபி லிங்க்' கட்டளையின் விடையைப் பார்க்க வேண்டும். இடைமுகமே இல்லையெனில் குறை பெயரில் இல்லை. விஎம்வேரிலிருந்து கேவிஎம்முக்கு வந்த கணினியில் விர்ட்டியோ டிரைவர் இல்லாதது காரணமாகலாம். இடைமுகம் வேறு பெயரில் இருந்தால், ஈத்0 எந்தப் பெயருக்கு மாறியது என்பதைக் கெர்னல் பதிவு காட்டும். அப்பெயரை அமைவுக் கோப்போடு ஒப்பிட்டால் முரண் தெரியும்.

ஒரே அட்டை உள்ள கணினியில், 'இஎன்' என்று தொடங்கும் எந்தப் பெயருக்கும் பொருந்தும்படி அமைவை எழுதலாம், அல்லது 'நெட்.இஃப்நேம்ஸ்=0' என்ற தொடக்க அளவுருவால் ஈத்0 பெயருக்கே திரும்பலாம். பல அட்டைகள் உள்ள கணினியில் மேக் முகவரியோடு பெயரை இணைக்கும் சிஸ்டம்டியின் லிங்க் கோப்பு ஏற்றது. அப்பெயர் ஈத் வரிசையில் இருக்கக் கூடாது. கெர்னல் அதே பெயரை வேறோர் அட்டைக்குத் தந்துவிட்டால் மோதல் நேரும். ஒவ்வொரு குளோனிலும் அக்கோப்பின் முகவரியைப் புதுப்பிக்கவும் வேண்டும்.