நிலவேம்பும் கிள்ளான் காய்ச்சலும்

காய்ச்சலென்றால் நம்மவர்க்கு முதலில் தோன்றுவது நிலவேம்பு. இஃது ஏதோ தமிழர்க்கே உரிய தனிச்சொத்து என எண்ணுவார் நம்மிற் பலர். மலாய்க் கம்பத்திலே அச்செடிக்கு 'ஹெம்பெடு பூமி', அதாவது நிலத்தின் பித்தம் என்று பெயர். சீனர் மருந்துக்கடையிலோ அதுவே 'சுவான் சின் லியென்'. நெஞ்சை ஊடுருவும் தாமரை என்பது பொருள். அதன் கசப்பைத் தமிழர் வேம்பிற் கண்டனர். மலாய்க்காரர் பித்தத்திற் கண்டனர். 'பூமி' என்னும் சொல்லும் வடமொழியினின்று மலாய்க்குச் சென்றதே. இந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட செடியும் நம்மைப் போலவே கடல் கடந்து இங்கு வேரூன்றியது. தனிச்சொத்து யாருடையது?

நிற்க. 1901-இல் கிள்ளானையும், அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் மலேரியா சூறையாடிற்று. அதனை அடக்கியது எந்தக் கஷாயமுமன்று. கொசுவே நோயைப் பரப்புவதென ரொனால்ட் ராஸ் கண்ட உண்மையை நம்பி, மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்புநீரை வடியச் செய்தார், காட்டை வெட்டுவித்தார், காய்ச்சல் தணிந்தது.

ஆகவே மூலிகையெல்லாம் வீண் என்பாருமுளர். அதுவும் அவசரத் தீர்ப்பேயாம். நான்காம் நூற்றாண்டில் கெ ஹொங் என்னும் சீனர், காய்ச்சலுக்கு ஒரு பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு எழுதிவைத்தார். 1970-களின் தொடக்கத்தில் தூ யூயூ என்னும் பெண்மணி அதனைப் படித்து, காய்ச்சினால் மருந்து கெடுமோவென ஐயுற்று, குறைந்த சூட்டில் சாரமெடுத்தார். ஆர்ட்டிமிசினின் என்னும் மலேரியா மருந்து பிறந்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. எழுதிவைத்தமையாலன்றோ சோதித்துப் பார்க்க முடிந்தது? மலாய்க் கிராம வைத்தியத்தையும் பர்க்கில் என்னும் ஆங்கிலேயரும் முகம்மது ஹனிப் என்னும் மலாய்க்காரரும் தொகுத்து 1930-இல் வெளியிட்டனர்.

நம் லயங்களின் கதையோ வேறு. நாம் கிராணியாயிருக்கும் தோட்டத்தில், லயத்தின் பின்புறம் மூதாட்டியொருவர் பாத்தி கட்டிப் பச்சிலைகள் வளர்த்தார். எதற்கு எது என்று கேட்டால், "சொன்னால் பலிக்காது ஐயா" என்பார். மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு வந்தோம். நாள்தோறும் செக்ரோல் எழுதிய நம் கை அவர் வாய்மொழியில் ஒரு வரியும் எழுதவில்லை. பின்னர் லயம் இடிக்கப்பட்டது. அடுக்குமாடி வீட்டில் அவரைத் தேடிச் சென்று, ஏடும் கையுமாய் அமர்ந்து, மறுபடியும் கேட்டோம். இம்முறை அவர் மறைக்கவில்லை.

"பேரெல்லாம் மறந்துபோச்சு ஐயா. இலையைக் கையில கொடுங்க, சொல்றேன்," என்றார்.