பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர்

கலிஃபோர்னியாவில், பிறகு வாங்கி டர்போ பொருத்திய ஒரு ஹோண்டா சிவிக்கைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், பரிசோதகர் பானெட்டைத் திறந்து ஒரு ஸ்டிக்கரைத் தேடுவார். அதில் 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண் இருக்கும். அந்த டர்போ கிட்டுக்கு மாநிலக் காற்று வள வாரியம் கொடுத்த நிர்வாக ஆணையின் எண் அது. எண் இருந்து, காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் அது பொருந்தினால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால், சைலன்ஸர் வழியாக மல்லிகைப்பூ வாசனையே வந்தாலும் கார் ஃபெயில்.

கார்ப் பைத்தியங்களின் நிரந்தரப் பொருமல் இது. "புகையை அளக்கச் சொன்னா பேப்பரை அளக்கறான்" என்பதுதான் அதன் சாரம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பேப்பர் அங்கே எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்க்கப் போனால் எண்பது வருஷத்துக்கும் மேலே பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நடுவில் மூன்று தெருவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சிலர் பயந்தார்கள். பிறகு ஆலிசோ தெருவில் செயற்கை ரப்பருக்காகப் பியூட்டடையீன் தயாரித்துக்கொண்டிருந்த ஆலையின் மேல் சந்தேகம் விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள். புகைமூட்டம் நிற்கவில்லை. அடுத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அதற்கடுத்து வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் அடுப்புகள் என்று பழி ஊரைச் சுற்றி வந்தது.

விடை ஒரு அன்னாசிப்பழ ஆராய்ச்சியாளரிடமிருந்து வந்தது. ஆரி ஹாகன்-ஸ்மிட், ஹாலந்தில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். அன்னாசியின் மணம் எந்தெந்தச் சேர்மங்களால் ஆனது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதே உத்தியை லாஸ் ஏஞ்சலஸ் காற்றின் மேல் பயன்படுத்தினார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்னது இதுதான்: காரிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகின்றன. கண்ணை எரிக்கும் சங்கதி எந்தக் குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை, வானத்தில் சமைக்கப்படுகிறது. எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் அவரை மறுத்தார்கள். மனுஷன் கோபப்பட்டு, அன்னாசியை ஒதுக்கிவைத்துவிட்டு முழுநேரமாக இதில் இறங்கினார்.

டர்போ சட்டத்தின் வினோதமான வடிவம் முழுக்க இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். ஓர் ஆலை குற்றவாளி என்றால் அதைப் பூட்டலாம். லட்சக்கணக்கான கார்கள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டு, மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது என்றால் யாரைப் பிடிப்பது? எந்த ஒரு காரை நிறுத்தி, "உன்னால் இவ்வளவு கேடு" என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது. கேட்டை நிரூபிக்க முடியாத இடத்தில், கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை எதிராளியின் தலையில் கட்டுவதைத் தவிர அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எஞ்சினைப் பிரித்துக் கோர்த்து வேகம் கூட்டும் ஹாட் ராட் பழக்கமும் இதே தெற்குக் கலிஃபோர்னியாவில்தான் செழித்தது. வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் ஓட்டியவர்கள் 1937இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1948இல் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. உதிரிபாகம் செய்தவர்கள் 1963இல் சீமா என்ற அமைப்பாகச் சேர்ந்தார்கள். மழை குறைந்த, வெயில் நிறைந்த அந்தச் சீதோஷ்ணம் கார்ப் பித்துக்கும் தோது, ஓசோனுக்கும் தோது.

சட்டங்கள் பிறகு வேகமாக வந்தன. எக்ஸாஸ்ட் புகைக்கான அமெரிக்காவின் முதல் வரம்பை 1966இல் கலிஃபோர்னியா கொண்டுவந்தது. 1967இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்தில் காற்று வள வாரியம் பிறந்தது. முதல் தலைவர் நம் அன்னாசிக்காரர்தான். அதே ஆண்டு, மத்திய அரசைவிடக் கடுமையான விதிகளைக் கேட்டுப் பெறும் சலுகையை நாடாளுமன்றம் கலிஃபோர்னியாவுக்கு அளித்தது. 1970இன் தூய காற்றுச் சட்டம், புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவதையும் முடக்குவதையும் நாட்டளவில் தடைசெய்தது.

அப்படியென்றால் காரை வாங்கியவன் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாதா? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உருவாயின. வாஷிங்டனில் இருந்த சுற்றுச்சூழல் முகமை 1974 ஜூனில் 1ஏ என்ற குறிப்பாணையை வெளியிட்டது. நீ பொருத்தும் பாகம் புகையைக் கூட்டாது என்று நம்ப நியாயமான ஆதாரம் உன்னிடம் இருந்தால் நாங்கள் உன்மேல் பாய மாட்டோம் என்பது அதன் உள்ளடக்கம். ஆதாரத்தைக் கையில் வைத்திருந்தால் போதும், யாரிடமும் முன்கூட்டிக் காட்ட வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் 27156ஆம் பிரிவு வேறு மாதிரி. வாரியத்திடம் முதலில் காட்டு, அவர்கள் சரி என்று ஆணை கொடுத்த பிறகு விற்றுக்கொள். ஸ்டிக்கரின் பூர்வீகம் இந்தப் பிரிவு.

டர்போ இதில் ஏன் தனியாக மாட்டிக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எக்ஸாஸ்ட் வாயு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். வீணாகப் போகிற சக்தியிலிருந்து கூடுதல் குதிரைத்திறன், கிட்டத்தட்ட ஓசிச் சோறு. சிக்கல் எங்கே என்றால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரிக்குச் சூடானால்தான் வேலை செய்யும். எஞ்சினுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒரு கனமான இரும்பு உருண்டையைக் கொண்டுவந்து வைத்தால், காலையில் வண்டியைக் கிளப்பியதும் வரும் சூட்டை அதுவே குடித்துவிடும். ஒரு நவீனக் காரின் மாசில் பெரும்பகுதி அந்த முதல் ஓரிரு நிமிடங்களில் வெளியேறுவது. இன்னொன்று, கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யக் காற்றும் பெட்ரோலும் 14.7:1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். டர்போ முழுமூச்சில் தள்ளும்போது எஞ்சின் தட்டாமல் இருக்கக் கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றுவார்கள். உடனே கார்பன் மோனாக்ஸைடு எகிறும்.

இதையெல்லாம் சமாளிக்க முடியும். கம்பெனியிலிருந்தே டர்போவோடு வரும் கார்கள் சமாளிக்கின்றன: கன்வெர்ட்டரை டர்போவுக்கு ஒட்டினாற்போல் வைப்பது, குளிர்ந்த எஞ்சினில் தீப்பொறியைத் தாமதப்படுத்திக் கன்வெர்ட்டருக்குச் சூடேற்றுவது என்று பல வித்தைகள். பெரிய கம்பெனிக்கு ஆய்வகம் உண்டு, செலவைப் பரப்ப லட்சக்கணக்கான கார்கள் உண்டு. இருபது பேருக்கு டர்போ கிட் செய்து தரும் ஒரு ஷெட்டுக்கு? ஆணை வாங்க வேண்டுமானால் காரை ஆய்வகத்தில் ஏற்றி, குளிர்நிலையிலிருந்து கிளப்பி முறைப்படி சோதிக்க வேண்டும். கிடைக்கும் ஆணை குறிப்பிட்ட மாடல்களுக்கும் ஆண்டுகளுக்கும் மட்டும் செல்லும். கட்டுப்படியாகாது. எனவே பெட்டியின் மேல் 'பந்தயத்துக்கு மட்டும்' என்று அச்சடித்து விற்றுவிடுவார்கள். விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும், அந்தக் கார் திங்கட்கிழமை ஆபீஸுக்குத்தான் போகப்போகிறது.

விதியின் தர்க்கம் சில இடங்களில் நம்மைத் திகைக்கவைக்கும். கலிஃபோர்னியாவில் நீங்கள் எஞ்சினையே மாற்றலாம். அதே ஆண்டு அல்லது புதிய எஞ்சினாக, அதற்குரிய எல்லாப் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளோடும் இறக்கி, அரசு நியமித்த ரெஃப்ரியிடம் காட்டினால் அவர் பார்த்துச் சான்று ஒட்டிவிடுவார். டர்போ எஞ்சினாகவே இருக்கலாம். ஆனால் பழைய எஞ்சினில் நீங்களாக ஒரு டர்போவைச் சேர்த்து, எவ்வளவு சுத்தமாக ஓட்டிக் காட்டினாலும் ஆணை இல்லாமல் நடக்காது. முதலாவது ஏற்கெனவே ஒருவரால் நிரூபிக்கப்பட்டது, இரண்டாவது யாராலும் நிரூபிக்கப்படாதது. ஒரே ஒரு காரை மட்டும் மலிவாகச் சோதித்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் "என் ஒரு காரால் என்ன ஆகிவிடும்?" என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. 2020 நவம்பரில் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் ஆயுளில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்ஸைடு 5,70,000 டன்னுக்கு மேல். அந்த ஒவ்வொரு வண்டிக்காரரும் தன்னுடையது ஒன்றுதானே என்று நினைத்திருப்பார்.

இப்போது என் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிறேன். இன்றைய டர்போ கிட்டில் இரும்பு பாதி, மென்பொருள் பாதி. ஈசியூவுக்குள் இருக்கும் அட்டவணைகளை மாற்றி எழுதாமல் டர்போ ஓடாது. 2021 ஜூலை 19 முதல் கலிஃபோர்னியப் பரிசோதனை நிலையங்கள் மென்பொருளையும் பார்க்கத் தொடங்கின. கார் தன் நிரலின் மேல் ஒரு கணக்கைப் போட்டு, சரிபார்ப்பு எண் ஒன்றைச் சொல்லும். கம்பெனி கொடுத்த எண்ணோடோ, ஆணை பெற்ற மாற்றத்தின் எண்ணோடோ அது பொருந்த வேண்டும். நாங்கள் டவுன்லோட் செய்த ஃபைல் கெடாமல் வந்ததா என்று செக்சம் பார்ப்போமே, அதேதான். ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அழகான, மலிவான ஏற்பாடு.

செக்சமுக்கு ஒரு குணம் உண்டு. ஃபைல் மாறவில்லை என்று சொல்லும். ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஃபோக்ஸ்வாகனின் டீசல் கார்களை இந்தச் சோதனையில் நிறுத்தினால் என்ன ஆகியிருக்கும்? அவையும் டர்போ கார்கள்தான். ஆய்வகத்தில் இருக்கிறோமா, ரோட்டில் இருக்கிறோமா என்று மோப்பம் பிடித்து, ரோட்டில் வரம்பைப்போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு விட்ட மென்பொருள் கம்பெனியே எழுதியது. எண் பொருந்தியிருக்கும். சுற்றுச்சூழல் முகமை இரண்டையும் 'டிஃபீட் டிவைஸ்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது, ஷெட்டில் எழுதிய ஃபைலையும் அந்தக் கம்பெனி ஃபைலையும். இந்தச் சோதனையில் முதலாவது மாட்டும், இரண்டாவது மாட்டாது.

அதைப் பிடித்தது வேறு விதமாக. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறிய குழு, அளவுக் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னிய ரோடுகளில் சுற்றியது. ஒரு பஸாட்டை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில்வரை ஓட்டிப் பார்த்தது. 2014இல் அந்த எண்கள் வெளிவந்ததும் காற்று வள வாரியம் தன் ஆய்வகத்தில் துருவத் தொடங்கியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசு நோட்டீஸ் அனுப்பியபோது நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த அப்படிப்பட்ட கார்கள் ஏறத்தாழ 4,82,000. ஒவ்வொன்றின் பானெட்டுக்கு அடியிலும் புகைச் சான்று ஸ்டிக்கர் இருந்தது, அசல் ஸ்டிக்கர்.