பத்துமலைக்குச் சாம்பல் கலர் மட்டும் போதாது

நவராத்திரி முடிஞ்சு கொலு பொம்மைகளை எல்லாம் பெட்டியில் கட்டி வச்சாச்சு. நம்ம கோயில் கொலுவில் வைத்த பத்துமலை மாடலை எப்படிச் செய்தோம் என்று நிறைய பேர் கேட்டீங்க. சொல்றேன். ஆனா பெயிண்ட் அடிச்ச கதையை மட்டும் சொன்னா பாதிதான் ஆகும். அந்த மலையின் சரித்திரமும் சேர்ந்தாதான் முழுசா புரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால் முதல் மாடல் செஞ்சேன். சிமெண்டு கலரில் சாம்பல் பெயிண்ட் வாங்கி, மலை முழுக்க ஒரே அடியா அடிச்சு முடிச்சேன். நல்லாதான் இருக்குன்னு நினைச்சேன். கொலு பார்க்க வந்த ஒரு பெரியவர் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "என்னப்பா, ஃபிளாட்டு சுவரு மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் வெட்டின இடம் எங்க?" என்று கேட்டார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் அங்கே கல் உடைத்தவராம். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இத்தனை வருஷம் தைப்பூசத்துக்குப் போயும், நான் படியையும் சிலையையும்தான் பார்த்திருக்கேன். பாறையைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரமே பத்துமலைக்குப் போய் மலையைச் சுற்றி வந்து ஃபோட்டோ எடுத்தேன். அப்புறம்தான் புரிஞ்சது, அங்கே ஒரு கலரும் சும்மா இல்லை.

பத்துமலை சுண்ணாம்புக் கல். வயசு சுமார் 40 கோடி வருஷம். மழைத் தண்ணியில் இருக்கிற லேசான புளிப்பு இந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். குகை உண்டானது அப்படித்தான். பாறையின் முகத்தில் மேலிருந்து கீழே ஓடுகிற வரிகளும் அப்படி வந்ததுதான். அதனால் இந்த முறை டிவி பெட்டிக்குள் வருகிற போலிஸ்டைரினை அடுக்கி ஒட்டி, கத்தியால் மேலிருந்து கீழாகவே செதுக்கினோம். அதன் மேல் பிளாஸ்டரைப் பூசி, ஈரம் காயுறதுக்குள்ள கசக்கிய அலுமினியத் தாளை அழுத்தி எடுத்தோம். பாறையோட சொரசொரப்பு அப்படியே வந்துடுச்சு. ஒரு எச்சரிக்கை: போலிஸ்டைரின் மேல் நேரா ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்காதீங்க, கரைஞ்சு போயிடும். முதல் வருஷம் ஒரு மூலையை அப்படித்தான் நான் காலி பண்ணினேன். தண்ணியில் கலக்குற பெயிண்டுதான் சரி.

முதல்ல வெளிர் சாம்பல். அது காய்ந்ததும், கறுப்பும் பழுப்பும் கலந்து, ஒரு பங்கு பெயிண்டுக்குப் பத்துப் பங்கு தண்ணி சேர்த்து மேலேயிருந்து வழிய விட்டோம். அது தானே பள்ளத்தில் போய் உட்காரும். உண்மையான மலையிலும் மழைத் தண்ணி ஓடுற தடத்தில் பாசி பிடிச்சுத்தான் கறுப்புக் கோடு விழுது. இரும்புச் சத்து கசியுற இடத்தில் துரு கலரில் ஆரஞ்சுத் தீற்றல். செடி தொத்திக்கிட்டு இருக்கிற விளிம்பில் பச்சை. கடைசியா, பிரஷை டிஷ்யூவில் நல்லா துடைச்சு, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷில் வெள்ளையை மேடுகளில் மட்டும் தடவினோம். கல்லு உயிர் வந்த மாதிரி எழுந்து நின்னுச்சு.

இந்தக் குகையை முதலில் அறிந்தவர்கள் இங்கேயுள்ள பூர்வகுடி மக்கள். பிறகு சீன விவசாயிகள் வௌவால் எச்சத்தை உரத்துக்கு அள்ளினார்கள். 1878-இல் அமெரிக்கரான வில்லியம் ஹார்னடே வந்து பார்த்த பிறகு வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. குகை வாசல் வேல் வடிவத்தில் இருப்பதைக் கண்டு, 1890-ஐ ஒட்டி அங்கே முருகனுக்குக் கோயில் கண்டவர் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளை. 1892 முதல் தைப்பூசம் நடக்குது. 1920-இல் மரப்படி போட்டாங்க, பிறகுதான் 272 கான்கிரீட் படி. அதனால் மாடலில் குகை வாசலை மட்டும் அளந்து அளந்து வெட்டினோம். வாசல் வேல் மாதிரி இல்லைன்னா அது பத்துமலையே இல்லை.

எங்க அளவு 200-க்கு 1. 2006-இல் திறந்த 140 அடி சிலை இந்த அளவில் 21 சென்டிமீட்டர்தான். அசல் சிலைக்குச் சுமார் 300 லிட்டர் தங்கப் பெயிண்ட் ஆச்சாம். நமக்கு ஒரு சின்ன பாட்டில் போதும். படி ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கூட வராது, அட்டையில் கோடு போட்டு 2018-இல் அடிச்ச வண்ணங்களையே கொடுத்தோம்.

இனி அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி. ரோடு போடவும் கட்டடம் கட்டவும் பல வருஷம் இந்த மலையை உடைச்சு எடுத்தாங்க. ஒரு பக்கம் சாமி கும்பிட, இன்னொரு பக்கம் வெடி வச்சாங்க. 1980-களின் தொடக்கத்தில்தான் அது நின்றது. உடைந்த இடத்தில் கல்லின் உள்நிறமான வெளுப்பு தெரியும், தட்டையா, வரி இல்லாம. பாசி பிடிச்சு மறையறதுக்கு இன்னும் எத்தனையோ காலம் ஆகும்.

மாடலில் அந்த வெள்ளை முகத்தைச் செதுக்கினப்போ எங்க குழுவில் ஒருத்தர் வேண்டாம்னார். "சாமி மலையில காயத்தைக் காட்டணுமா அண்ணே?" அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு, கொலு மங்களகரமா இருக்கணும். ஆனா அந்தக் கல்லை உடைச்ச கையிலும் நம்ம ஆளுங்க கை இருந்துச்சு. பகல்ல பாறையில வேலை செஞ்சவங்கதான் தைப்பூசத்துக்குக் காவடியும் எடுத்தாங்க. அதை மறைச்சா அவங்களையும் மறைச்ச மாதிரி. நான் அப்படிச் சொன்னதும் அவரே பிரஷை வாங்கி வெள்ளை அடிச்சார்.

இந்த வருஷம் அந்தப் பெரியவர் திரும்ப வந்தார். முன்பக்கம் நிற்காம நேரா அந்த வெட்டுப் பக்கம் போனார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. போகும்போது என் தோளைத் தட்டிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

அடுத்த தைப்பூசத்தில் படி ஏறுறதுக்கு முன்னால் ஒரு நிமிஷம் பாறையைப் பாருங்க. அடுத்த கொலுவுக்கு உதவி செய்ய விரும்புற பசங்க மண்டபத்தில் என்னைப் பாருங்க, பிரஷ் பிடிக்க நான் சொல்லித் தர்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!