லாந்தனைடு ஒளிர் அணைவுப் பலபடிகள்

லாந்தனைடு அயனிகளும் கரிம ஈனிகளும் மாறிமாறிப் பிணைந்து சங்கிலியாகவோ வலையாகவோ நீளும் படிகச் சேர்மங்கள். புறஊதாக் கதிர் பட்டால் யூரோப்பியம் கொண்டவை சிவப்பாகவும் (சுமார் 615 நானோமீட்டர்) டெர்பியம் கொண்டவை பச்சையாகவும் (சுமார் 545) ஒளிரும். இவ்வயனிகள் நேரடியாக உறிஞ்சும் ஒளி மிகக் குறைவு. ஈனி உறிஞ்சி அயனிக்குக் கைமாற்றுவதை 1942-இல் வைஸ்மேன் வெளியிட்டார். வேற்று மூலக்கூறு குறுக்கிட்டால் ஒளி கூடும் அல்லது மங்கும். வேதியுணரிகளுக்கு அதுவே அடிப்படை.

தமிழகத்தில் இத்தனிமங்களின் வரலாறு குமரிக் கடற்கரையில் தொடங்குகிறது. 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் திருவிதாங்கூர் மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிச் சென்ற மஞ்சள் மணிகளே அவருக்குத் துப்புக் கொடுத்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி. அதைப் பிரித்தெடுக்கும் மணவாளக்குறிச்சி ஆலை தொடங்கிய ஆண்டை 1910 என்றும் 1911 என்றும் குறிப்பர். முதல் உலகப் போர் மூண்டதும் ஷோம்பெர்க் உளவாளி எனக் கைதானார் என்பர். அக்காலத்தில் மணலுக்கு மதிப்புத் தந்தது தோரியம்: எரிவாயு விளக்கின் மேன்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. கொங்கு நாட்டு நோம்பிகளில் (திருவிழாக்களில்) தோளிலும் தலையிலும் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்சுடரும் அத்தகைய மேன்டிலின் கொடைதான். எனினும் அது வெப்பத்தால் பிறப்பது, இங்கு கூறும் ஒளிர்தல் வேறு. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அமைந்தது. 1956-இல் மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு இணைந்தது. மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் மிகுதி. யூரோப்பியமும் டெர்பியமும் சொற்பமே.

வேதியுணரிகளுக்குத் திரும்பினால், பாங்லின் சென் குழுவினர் 2007-இல் யூரோப்பியம் வலையால் சிறு மூலக்கூறுகளையும், 2008-இல் டெர்பியம் வலையால் ஃப்ளூரைடையும் உணர்ந்து காட்டினர். ஃப்ளூரைடு சேரச்சேரப் பச்சை ஒளி கூடியது. இவை அடங்கும் உலோக-கரிமக் கட்டமைப்புகளுக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தருமபுரியில் நிலத்தடி நீரின் ஃப்ளூரைடு நெடுநாள் சிக்கல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் விளைவு. நொய்யல் கரையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு 2011-இல் உயர் நீதிமன்ற மூடல் உத்தரவு வரை சென்றது. ஆனால் இத்தகைய நீரை ஒளிர் உணரிகளால் சோதிக்க முயன்றால், சாய நீரின் நிறமே புறஊதாக் கதிரை விழுங்கிவிடும். குரோமேட்டு அயனியால் ஒளி மங்குவதும் உண்மையான பிணைப்பாலா, வெறும் உறிஞ்சலாலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீர் ஆய்வகங்களில் ஃப்ளூரைடுக்கு அயனித்தேர்வு மின்முனையே பரவலாக வழக்கில் உள்ளது.