மோட்டார் சைக்கிள் பயிற்றுநர் (பிரிட்டன்)

பிரிட்டனில் 1990 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டாய அடிப்படைப் பயிற்சியை, அங்கீகாரம் பெற்ற பயிற்சி அமைப்பின் சார்பில் நடத்த உரிமை பெற்றவர் மோட்டார் சைக்கிள் பயிற்றுநர். அவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முழு உரிமம் பெற்று 3 ஆண்டுகளும் ஆகியிருக்க வேண்டும். பயிற்றுநர் இரு வகையினர். பெட்ஃபோர்ட்ஷயரின் கார்டிங்டனில் அரசு முகமை நடத்தும் 2 நாள் மதிப்பீட்டில் தேறியவர் ஒரு வகை. அவரிடம் பயின்று தகுதி பெறுபவர் மற்றொரு வகை.

நன்றாக ஓட்டத் தெரிந்தவரெல்லாம் நன்றாகக் கற்பிப்பார் என்ற எண்ணம் இத்தொழிலுக்குச் சிறிதும் பொருந்தாது. கார் பயிற்றுநர் மாணவரின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார். ஆபத்து நேர்ந்தால் தம் காலடியில் உள்ள பிரேக்கை மிதிக்கலாம். இவரோ வேறொரு வண்டியில் பின்தொடர்ந்து, ரேடியோவில் சொல்லும் சொல்லால் மட்டுமே மாணவரைக் காக்கிறார். ஆகவே பிழை நிகழுமுன் அதை ஊகிப்பதும் சுருங்கச் சொல்வதுமே முதன்மைத் திறன்கள். கார்டிங்டனில் மதிப்பீட்டாளரே தவறு செய்யும் புதியவராக நடித்துச் சோதிப்பதும், பயிற்சித் திடலில் ஒருவருக்கு 4 மாணவர், சாலையில் 2 மாணவர் என்ற உச்ச வரம்பும் இதையே உறுதிப்படுத்துகின்றன. அமைப்புக்குள்ளேயே தகுதி வழங்குவது தரத்தைக் குறைக்கும் என்பது நியாயமான அச்சம். ஆனால் அவ்வாறு தகுதி பெற்றவர் பிறரைப் பயிற்றுநராக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் முகமையின் ஒப்புதலும் தேவை. எனவே தளர்வு ஒரு படியோடு நின்றுவிடுகிறது.